தேடவில்லை, கிடைத்தால் செய்வார்

உங்கள் அம்மா பொய் சொல்லி நான் நேரில் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதையும் போயும் போயும் அரசாங்கத்திடம் சொன்னாள்.

2010, கத்திரி வெயில் நேரம். அப்போது நாம் கடலூர் முதுநகரில், துறைமுகம் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே குடியிருந்தோம். பெரியவள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். சின்னவனுக்கு நாலு வயசு. பகல் பதினொரு மணி இருக்கும். நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு அட்டை, அதன்மேல் கத்தையாகக் காகிதம். முகமெல்லாம் வியர்வை. வாசற்படியில் பக்கத்து வீட்டு அக்கா, இடுப்பில் காலிக் குடத்தோடு, குழாயடிக்குப் போகிறவர் போலவும் போகாதவர் போலவும் நின்றிருந்தார்.

“வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாருங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“கம்பெனில ஃபிட்டரு,” என்றாள் உங்கள் அம்மா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“போன ஏழு நாளும் வேலைக்குப் போனாரா?”

“தெனமும் போறாரே. இதோ, அவரே வந்துட்டாரு. இன்னிக்கு அரை ஷிப்டு.”

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். குடத்தோடு நின்ற அக்காவும் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உண்மை என்ன என்று இப்போது நீங்கள் தெரிந்துகொள்ளலாம். வயசு வந்துவிட்டது. நான் வேலை பார்த்த கம்பெனி தீபாவளி கழிந்த மறுவாரமே மூடிவிட்டது. பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ. இரண்டு வருஷம் படித்து, அந்த ஒரே இடத்தில் பதினேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரு காலையில் போனால் கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு நோட்டீஸ். அவ்வளவுதான். தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று உங்கள் அம்மா சொன்னாள். அதனால் தினமும் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவேன், சாயங்காலம் திரும்புவேன். முதல் இரண்டு மாசம் நிஜமாகவே ஒவ்வொரு கம்பெனி கேட்டாகப் போய் நின்றேன். எல்லா இடத்திலும் வாட்ச்மேன் ஒரே பதிலைச் சொன்னார்: ஆள் எடுக்கவில்லை. அப்புறம் கால் தானாகவே மஞ்சக்குப்பம் நூலகத்துக்கும் துறைமுகத்துக்கும் போகப் பழகிவிட்டது. அன்றைக்கு வெயில் தாங்காமல் பாதியிலேயே திரும்பி வந்தேன், அகப்பட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. திருப்பூரில் இருக்கும் உங்கள் சித்தப்பா இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்தான்.

“அண்ணே, சாயப்பட்டறையில ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கேன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடு. தனியா வா, என்னா? ரூமுல ஏற்கெனவே எட்டு பேரு.”

தனியாக. நான் அங்கே, நீங்கள் மூன்று பேரும் இங்கே. வருஷத்துக்குப் பொங்கல், தீபாவளி என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்ட நாளிலிருந்து சின்னவன் என் செருப்பில் ஒன்றை எங்கேயாவது ஒளித்து வைக்க ஆரம்பித்தான். பெரியவள் காலண்டரில் தேதி கிழிக்கவே விடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் இந்தப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பூர். இந்த நிலைமையில்தான் உங்கள் அம்மா எனக்கு வேலை இருக்கிறது என்று எழுத வைத்து அனுப்பினாள்.

அந்த அம்மாள் போனதும் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. படிப்பு முடித்த வருஷமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தவன் நான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் புதுப்பித்து, அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அரசாங்கக் காகிதத்தில் இவனுக்கு வேலை இருக்கிறது என்று ஏறிவிட்டால், அங்கே என் பதிவை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷச் சீனியாரிட்டி போய்விடும். ஒரு அழைப்புக் கடிதம்கூட வந்ததில்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் போகக்கூடாதே.

வெளியே ஓடினேன். மூன்றாவது தெருவில், மூடிக் கிடந்த ரேஷன் கடையின் நிழலில் அந்த அம்மாள் உட்கார்ந்து காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்த ஃபாரத்துல ஒரு தப்பு இருக்கு. எனக்கு வேலை இல்ல.”

அவர் ஆச்சரியப்படவே இல்லை. “எத்தன நாளா?” என்றார்.

“ஏழு மாசம்.”

“இதுக்குத்தான் தனியா வெச்சுக் கேக்கணும்ங்கறது. எங்க போனாலும் பக்கத்து வீடு கூடவே வந்து நின்னுடுது.” பையிலிருந்து என் ஃபாரத்தை உருவினார். “ஒக்காருங்க சார்.”

என் அட்டை விஷயத்தைக் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். நாடு முழுக்கச் சில வீடுகளை மட்டும் குலுக்கல் மாதிரி பொறுக்கி எடுத்து, யார் வேலை செய்கிறார், யார் வேலை தேடுகிறார் என்று கணக்குப் பார்க்கிறார்களாம். பேரை வெளியே சொல்ல மாட்டார்களாம். இதனால் வேலையும் கிடைக்காது, இருக்கிற வேலையும் போகாது என்றார். அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“சரி. நேத்துலேருந்து பின்னால போவோம். ஏழு நாள். கூலிக்கு, சம்பளத்துக்கு, ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?”

“பக்கத்து வூட்டுல குழாய் ரிப்பேரு பண்ணேன்.”

“கூலி வாங்கினீங்களா?”

“பக்கத்து வூடு மேடம்.”

“அப்ப அது கணக்குல வராது. வேலை தேடினீங்களா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “ஏழு மாசமா அதத்தானே மேடம் பண்ணிட்டு இருக்கேன்.”

“ஏழு மாசம் வேணாம் சார், ஏழு நாள் சொல்லுங்க. நேத்து என்ன செஞ்சீங்க?”

“நூலகத்துல பேப்பர் பாத்தேன். வேலை விளம்பரம்.”

“எதுக்காவது எழுதிப் போட்டீங்களா?”

“எல்லாத்துக்கும் டிகிரி கேட்டிருந்தான்.”

“முந்தாநாள்?”

“தொறமுகத்துல பழைய கம்பெனி ஆளு ஒருத்தரப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் பேசினோம்.”

“வேலை பத்தியா?”

யோசித்துப் பார்த்தேன். பழைய மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தோம். வேலை பற்றிப் பேசவில்லை.

“அதுக்கு முந்தின நாள்?”

இங்கேதான் எனக்குத் தெம்பு வந்தது. “அன்னிக்குத்தான் மேடம் முக்கியமா தேடினேன். காட்டுமன்னார்கோயில் போனேன்.”

“சொல்லுங்க. எந்தக் கம்பெனி?”

“கருமாதிக்கு.”

அவர் பேனா நின்றது. நான் விளக்கமாகச் சொன்னேன். உங்கள் அம்மாவின் பெரியப்பா மகன், நீங்கள் காட்டுமன்னார்கோயில் மாமா என்று கூப்பிடுகிறவர், அங்கே ஒரு ரைஸ் மில்லில் மேனேஜர். அவர் மனைவியின் உறவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். செத்தவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் முதல் நாளே சட்டையை அயர்ன் செய்து, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, சிதம்பரத்தில் மாறிப் போய், பதினாறாம் நாள் காரியத்தில் நின்றேன். எதற்கு? மச்சான் கண்ணில் பட வேண்டும். அதற்கு முன்னால் தை மாசம் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். மாசியில் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். எல்லாம் இதற்காகத்தான்.

“சரி, போனீங்க. கேட்டீங்களா?”

“முன்னாடி வரிசையில ஒக்கார வெச்சாரு. அவரே குனிஞ்சு பாயசம் ஊத்துனாரு.”

“வேலை கேட்டீங்களா சார்?”

“கேக்க முடியாது மேடம். நான் அந்த வூட்டு மாப்ள.”

உங்களுக்கு இது புரிகிறதோ இல்லையோ, சொல்லி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை உண்டு. முதல் பந்தி, முதல் இலை, நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அந்த மரியாதை இருக்கும்வரைக்கும் வாயைத் திறந்து எதையும் கேட்கக்கூடாது. கேட்டால் எனக்கு மட்டும் அவமானம் இல்லை, உங்கள் அம்மாவுக்கும் சேர்த்து. அவர்களாகத் தெரிந்துகொண்டு, அவர்களாகச் செய்ய வேண்டும். நம் வேலை, கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதுதான்.

“அவராவது வேலை பத்தி ஏதாவது பேசினாரா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“பேசினாரு. மில்லுல இருக்குற ஃபிட்டர் சிங்கப்பூர் போறானாம். நல்ல ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க மாப்ளன்னாரு.”

“நீங்க ஃபிட்டருதானே?”

“ஆமா.”

“என்ன சொன்னீங்க?”

“பாக்குறேன் மச்சான்னு சொன்னேன்.”

அவர் பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டார்.

“ஏன் சார்?”

“நீங்களே வந்துடுங்களேன்னு அவர் வாயால வரும்னு பாத்தேன்.”

“அவருக்கு உங்களுக்கு வேலை இல்லன்னு தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? என் வூட்டுல சாடையா சொல்லிட்டா.”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. ஃபாரத்தில் ஒரு இடத்தை விரலால் காட்டினார். வேலை செய்கிறவர், வேலை தேடினவர், அதற்குக் கீழே இன்னொரு வரி. வேலை தேடவில்லை, ஆனால் கிடைத்தால் செய்யத் தயார்.

“நீங்க இங்க வரீங்க சார்,” என்றார். அங்கே எழுதினார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “மேடம், நாய் மாதிரி அலையுறேன் மேடம். ஏழு மாசத்துல செருப்பு ரெண்டு ஜோடி தேஞ்சு போச்சு. தேடலன்னு எழுதுறீங்களே!”

“அலைஞ்சத எழுத இதுல எடம் இல்ல சார். ஒரு மொதலாளிகிட்ட கேட்டீங்களா, சொந்தக்காரங்ககிட்ட கேட்டீங்களா, எழுதிப் போட்டீங்களா, அதுதான் இருக்கு. இந்த ஏழு நாள்ல நீங்க எதாவது ஒருத்தர்கிட்ட வேலை வேணும்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா சொல்லுங்க, இப்பவே மாத்துறேன்.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. உங்கள் அம்மாவையும் சித்தப்பாவையும் விட்டால், எனக்கு வேலை இல்லை என்று நான் முதன்முதலாகச் சொன்ன ஆளே அவர்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். நாட்டில் இத்தனை பேர் வேலை தேடுகிறார்கள் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதில் கருமாதி வீட்டு முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிறவனை யார் எண்ணுவது? அந்த ஃபாரத்தை எழுதின பெரிய மனிதர்கள் யாராவது காட்டுமன்னார்கோயிலில் பெண் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். இப்படி வேகமாகத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவன், உங்கள் அம்மாவைப் பார்த்ததும் வேறு ஒன்றைக் கேட்டேன்.

“மச்சான் வூட்டு அண்ணிகிட்ட சாடையா சொன்னேன்னியே, என்னான்னு சொன்ன?”

“சொல்ல வேண்டியதத்தான் சொன்னேன்.”

“அதான், என்னா வார்த்தை சொன்ன?”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். “காட்டுமன்னார்கோயில்ல காத்து நல்லாருக்கு அண்ணி, இங்கயே வந்துடலாம்போல இருக்குன்னு சொன்னேன்.”

“காத்து நல்லாருக்குன்னா?”

“அதுக்குமேல எப்படிங்க சொல்லுவாங்க?”

“இதுல வேலைங்கற பேச்சு எங்கடி இருக்கு? அவுங்க வூட்டுல ஃபேன் இல்லாம ஒக்காந்திருந்தன்னு நெனச்சிருப்பாங்க!”

“நீங்க மட்டும் கிழிச்சீங்களா? அண்ணன் வாய் விட்டு ஃபிட்டர் வேணும்னு கேட்டாரு. பாக்குறேன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க. நான் பொம்பள, காத்துன்னேன். நீங்க என்னாத்த சொன்னீங்க?”

பெரியவள் பேனாவைக் கடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது நினைவிருக்கிறது. நாளைக்கே நேராகப் போய்க் கேட்கிறேன் என்றேன். உங்கள் அம்மா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“மாப்ள போயி வேலைக்கு நிக்கிறதா? எங்க வூட்டுல என் மூஞ்ச நான் எங்க கொண்டு வெக்கறது?”

“அப்ப திருப்பூருக்குப் பை எடுத்து வை.”

அவள் மறுபடி உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தாள். காலையில் பார்த்தால் என் சட்டை அயர்ன் ஆகி ஆணியில் தொங்கியது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிறவரைக்கும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மச்சான், எனக்கு ஒரு வேலை வேணும். உதடு அசைந்திருக்கும் போல, பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒரு தடவை, திரும்பிப் போய்விடலாமா என்று கடலூர் பஸ் நிற்கிற இடம்வரை நடந்தே போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்தேன்.

மில்லுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டது.

“வாங்க மாப்ள! என்னா திடீர்னு?” மச்சான் எழுந்து வந்து, தன் தோள் துண்டாலேயே நாற்காலியைத் துடைத்தார். “ஏம்ப்பா, மாப்ளைக்கு ஒரு சோடா சொல்லு. ஐஸு ஜாஸ்தியா இருக்கட்டும்.” ஆபீஸில் ஒரு கணக்குப்பிள்ளையும் இரண்டு லாரி டிரைவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் திரும்பி, “எங்க சித்தப்பா வூட்டு மாப்ள. கடலூர்ல பெரிய கம்பெனில ஃபிட்டரு,” என்றார். டிரைவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மச்சான்,” என்றேன்.

பாருங்கள். இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன வாய், போனதும் இதைத்தான் சொன்னது. என் வாயை நானே பிடித்துக் கிள்ளலாம்போல இருந்தது.

“கம்பெனி லீவா?”

“ம்.”

சோடா வந்தது. குடித்தேன். கிளம்புவதற்கு முன்னால் கேட்டே விடுவது என்று சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

“அன்னிக்கு ஃபிட்டர் பாக்கச் சொன்னேன்ல, அத வுட்டுடுங்க மாப்ள. சேத்தியாத்தோப்புலேருந்து ஒரு பையன் நேத்து நேரா உள்ள வந்தான். ‘சார், இங்க ஃபிட்டர் எடம் காலியாம்ல, எனக்குக் குடுங்க’ன்னான். தைரியமான ஆளு. திங்கக்கெழம வரச் சொல்லிட்டேன்.”

நேற்று. நான் ரேஷன் கடை நிழலில் உட்கார்ந்து, வாயைத் திறக்க முடியாத காரணத்தை விளக்கிக்கொண்டிருந்த அதே நேற்று.

“மச்சான், நான் வேலை தேடுறேன்,” என்றேன். சத்தம் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது.

“யாருக்கு மாப்ள?”

“எனக்கு.”

அவர் சிரித்தார். கணக்குப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பும் நின்றது. மற்ற மூன்று பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எப்போலேருந்து?”

“தீபாவளிலேருந்து. கம்பெனிய மூடிட்டாங்க.”

அவர் விரல் விட ஆரம்பித்தார். “தையில காதுகுத்து. மாசியில கிரகப்பிரவேசம். போன வாரம் கருமாதி. மூணு தடவ என் பக்கத்துலயே ஒக்காந்து தின்னுருக்க. கம்பெனி எப்படிப் போவுது மாப்ளன்னு மூணு தடவயும் கேட்டேன். போவுது மச்சான், போவுது மச்சான்னு சொன்னியா இல்லியா?”

பத்து வருஷப் பழக்கத்தில் அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“சொன்னேன்.”

“கருமாதில ஃபிட்டர் வேணும்னு கேட்டேனா?”

“கேட்டீங்க.”

“பாக்குறேன்ன. என்னாத்தய்யா பாத்த? நீயெல்லாம் மனுஷனா? ஆள் கெடைக்காம நான் இங்க மண்டைய ஒடச்சிட்டு இருக்கேன். பதினேழு வருஷம் ஃபிட்டரா இருந்தவன் என் எதுத்தாப்புல ஒக்காந்து வடைய பிச்சுத் தின்னுட்டு இருக்கான்!”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மச்சான். அவ அண்ணிகிட்ட சாடையா சொன்னா.”

“காத்து நல்லாருக்குன்னு சொன்னதா அது? அதுக்கு நான் கொல்லையில ரெண்டு கயித்துக் கட்டில் வாங்கிப் போட்டேன்யா, அடுத்த தடவ நீங்க வந்தா படுக்கறதுக்கு!”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். வெளியே நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு பேரிங் காய்ந்துபோய்க் கத்துகிறது என்று என் காது தானாகவே கண்டுபிடித்தது. சொல்லவில்லை.

“அந்தப் பையன வேணாம்னு சொல்ல முடியாது,” என்றார். “வார்த்தை குடுத்துட்டேன். வூட்டுல சொல்லியிருப்பான்.”

“வேணாம் மச்சான். அவன் கேட்டான், அவனுக்குக் கெடச்சுது.”

“ஹெல்ப்பர் எடம் ஒண்ணு இருக்கு. ஆனா அதுல உன்ன நிக்க வெச்சா சித்தப்பா என்னய வெட்டிடுவாரு.”

“மாமனார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அந்தப் பையனுக்கு இருபத்தாறு வயசுய்யா. அத எடு, இதத் தொடைன்னு உன்ன வேல வாங்குவான்.”

“வாங்கட்டும். திருப்பூர்ல வாங்கறவன் என்னா எனக்கு அப்பாவா?”

அப்போதுதான் திருப்பூர் விஷயம் அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் என் மாமனாரைப் பற்றிப் பேசவில்லை. “திங்கக்கெழம எட்டு மணி,” என்றார். வாசல்வரை வந்தவர், பஸ் வருகிறவரைக்கும் தலையில் அடித்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஹெல்ப்பரா, அதுவும் எங்கள் அண்ணன் மில்லிலா என்று உங்கள் அம்மா ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும், “திருப்பூர் இல்லல்ல?” என்றாள். இல்லை என்றேன். உடனே உங்கள் சித்தப்பாவுக்குப் போன் செய்யச் சொன்னாள். அவன் அந்தப் பக்கத்தில், “இத மாசியிலயே கேட்டிருந்தா நான் இத்தினி போன் பண்ணியிருக்க வேணாம்லண்ணே,” என்றான். அவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

முதுநகரிலிருந்து தினமும் காட்டுமன்னார்கோயில் போய்வர முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் சிதம்பரத்துக்குக் குடிவந்தோம். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏழு மாசமா வேல இல்லாம எப்படிடி சமாளிச்ச?”

உங்கள் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“கம்பெனி பஸ்ஸு நின்னு ஏழு மாசம் ஆவுது. இவரு மட்டும் தெனமும் டிபன் தூக்கிட்டு எங்க போவாரு? தெருவுக்கே தெரியும்டி. நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல.”

அந்த அக்காவின் மைத்துனர் ஒரு வொர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாம். சொல்லியிருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்போல இருந்தது. ஏறியும் உட்கார்ந்துகொண்டேன்.

புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று பெரியவள் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தேன். தினமும் வந்தேன். அது போதும் என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன். 2012-இல் ஃபிட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது வரைக்கும் ஹெல்ப்பர்தான். மச்சான் மில்லில் யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டி, “இவரு வாயத் தொறக்க எனக்கு ரெண்டு விசேஷமும் ஒரு கருமாதியும் ஆச்சு,” என்று சொல்லாமல் விட்டதில்லை.

அந்தச் சேத்தியாத்தோப்புப் பையன் நல்லவன்தான். வேலையும் தெரியும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். முதல் வாரத்தில் ஒரு நாள், எலிவேட்டரின் மேல்தட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் காய்ந்த பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தோம். உமித் தூசி கண்ணைக் கரித்தது.

“அண்ணே, நான் இந்த வேலைக்கு முன்னாடி அஞ்சு மில்லு ஏறி எறங்குனேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி நின்னு கேட்டு, போடான்னு திட்டு வாங்கி, மறுபடி கேட்டு. நாக்கு வறண்டு போச்சு,” என்றான். “உங்களுக்கு என்னாண்ணே. மேனேஜர் வூட்டு மாப்ள. நீங்க கேக்கக்கூட வேணாம். மூஞ்சியப் பாத்தாலே கூப்ட்டுக் குடுத்திருப்பாரு.”

எனக்கு வந்த எரிச்சலில், அந்தப் பேரிங்குக்கு கிரீஸ் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அப்பினேன்.